அப்பாவின் ஹெரால்டு: அப்படியே வைப்பதா, ஆம்னி எஞ்ஜின் போடுவதா?

பெரம்பூர்_ஹெரால்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. 1965 மாடல், இரண்டு கதவு, வெளிர் நீலம். அப்பா 1978-இல் வாங்கும்போதே அது கை மாறிய வண்டி. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான், அக்கா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, தேங்காய் மூட்டை எல்லாம் ஏற்றிப் போனதும் அதில்தான். 2006-இல் கிளட்ச் போனதும் ஷெட்டில் விட்டோம். அடுத்த மாதம் பார்க்கலாம், தீபாவளி முடியட்டும் என்று தள்ளித் தள்ளி இத்தனை வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் தார்ப்பாயை எடுத்தேன். ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து பானட்டைச் சாய்த்தால் மட்கார்டு, ஹெட்லைட் என்று வண்டியின் மொத்த முகமும் அப்படியே முன்னால் கவிழும், முன்சக்கரம் வரைக்கும் திறந்து கிடக்கும். அந்தச் சத்தம் கேட்டு அப்பா உள்ளே இருந்து எழுந்து வந்துவிட்டார். அவருக்கு 79 வயது, முட்டி வலி, படி இறங்கவே யோசிப்பவர். வந்து நின்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றச் சொல்லிப் பாயின்டைப் பார்த்தார். பிளக்கை எடுத்துவிட்டுக் கையால் சுற்றினால் எஞ்ஜின் சுற்றுகிறது, ஜாம் ஆகவில்லை.

இப்போது குழப்பம் என்னவென்றால், தெரிந்த மெக்கானிக் ஒருவர் "பழைய எஞ்ஜினை இறக்கிவிட்டு மாருதி ஆம்னி எஞ்ஜின், கியர்பாக்ஸ் போட்டுவிடலாம், தினமும் ஆபீஸுக்கே எடுத்துப் போகலாம்" என்கிறார். ஆபீஸ் நண்பர் ஒருவர், ஒரு ஸ்க்ரூ கூட மாற்றாதே, 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தரும் வி.ஏ. (விண்டேஜ்) நம்பர் வாங்கு என்கிறார். அப்பாவைக் கேட்டால் ஓட்டத்தானே வண்டி என்று மட்டும் சொல்கிறார்.

பழைய கார், பிக்கப் வைத்திருந்தவர்கள், அதில் கை வைத்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். எதை மாற்றினீர்கள்? எதை மாற்றியிருக்கவே கூடாது என்று இன்று தோன்றுகிறது?

---

சோழவரம்_வெயில் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு விஷயம், அது நம்ம ஊர் வண்டி. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. அந்த முகத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி, ஆனால் ஹெரால்டு என்றாலே எனக்கு ஜி.எஸ்.டி. ரோடுதான் ஞாபகம் வரும்.

நான் 1974-இல் வாங்கிய ஹெரால்டை வைத்துச் சோழவரம் ரேஸுக்குத் தயார் செய்தேன். சோழவரம் தெரியாதவர்களுக்கு: இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வரும் வரைக்கும். நிழலுக்கு ஒரு மரம் இருக்காது. வைக்கோல் கட்டை அடுக்கி வளைவு காட்டியிருப்பார்கள், கான்கிரீட் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். அங்கே ஓடியதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் வீட்டு வண்டிதான், ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். வெள்ளிக்கிழமை வரை ஆபீஸுக்குப் போன வண்டி, சனிக்கிழமை பம்பரையும் பின் சீட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு ரேஸுக்கு நிற்கும்.

நான் செய்த வேலை இவ்வளவுதான். ஹெட்டை ஃபேஸிங் கொடுத்து கம்ப்ரெஷனை ஏற்றினேன், போர்ட்டுகளைக் கையால் தேய்த்துப் பெரிதாக்கினேன், ஒற்றை கார்புரேட்டரை எடுத்துவிட்டு இரட்டை எஸ்.யு. போட்டேன், பின்பக்க ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை கொடுத்துத் தாழ்த்தினேன். கடைசி வேலைதான் முக்கியமானது. ஹெரால்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆக்ஸில், குறுக்காக ஒரே ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிவிடும். தாழ்த்தினால் அது பெருமளவு அடங்கும். இந்த ஆக்ஸில் நம்ம ஊர் ரோட்டுக்கும் மெக்கானிக்குக்கும் ஒத்துவரவில்லை என்றுதான் 1970-களில் வந்த ஸ்டாண்டர்டு கஸெல் காரில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண நேர் ஆக்ஸில் போட்டார்கள்.

இத்தனையும் மாற்றினேன், ஒன்றைக் கூட வெட்டவில்லை. பழைய கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் துணியில் சுற்றி அலமாரி மேலே இருந்தன, ரேஸ் ஆசை தீர்ந்ததும் ஒரே வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நீ என்ன எஞ்ஜின் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, இதை மறக்காதே. முன்சக்கரத்துக்குக் கீழே டிரனியன் என்று ஒரு பித்தளை உருப்படி இருக்கும், நிமிர்ந்து நிற்கும் தண்டு அதற்குள் மரையில் திரும்பும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் காய்ந்து கட்டியாகும், உள்ளே தண்ணீர் நிற்கும், தண்டு துருவேறி ஒருநாள் முறியும். ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் என் வண்டிக்கு மூன்று வருடம் கிரீஸ் அடித்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெதுவாகத் திரும்பும்போது இடது சக்கரம் படுத்துவிட்டது, மட்கார்டு ரோட்டில் உட்கார்ந்தது. மனைவியும் குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

---

அடையாறு_பத்மினி எழுதியது:

நான் மாற்றியிருக்கக் கூடாத கட்சி. விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

1984 பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் ஃபியட் என்றுதான் சொல்வோம். மாமாவிடமிருந்து 1993-இல் எனக்கு வந்தது. அப்போது எனக்கு 24 வயது, சம்பளம் முழுக்க அந்த வண்டிக்குத்தான். முதலில் செய்தவை நல்ல வேலைகள்: டைனமோவை எடுத்துவிட்டு மாருதி ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மின்விசிறி. மவுன்ட் ரோடு சிக்னலில் மே மாதம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர்களுக்குத் தெரியும் அந்த விசிறியின் அருமை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 1997-இல் ஒரு பிரீமியர் 118 என்.இ. வண்டியின் எஞ்ஜின் கிடைத்தது, நிஸான் ஏ12, 1171 சி.சி. பத்மினியின் 1089 சி.சி. எஞ்ஜினை விட சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும், அது உண்மை. ஆனால் அதோடு கியரும் தரைக்கு வந்தது. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் லீவரை எடுத்தோம், தளத்தை கேஸ் கட்டரில் வெட்டினோம், முன்னால் இருந்த ஒரே நீள சீட்டை எடுத்துவிட்டு இரண்டு பக்கெட் சீட் போட்டோம். அந்த நீள சீட்டில் அம்மா, அப்பா நடுவில் நான் உட்கார்ந்து திருப்பதி போயிருக்கிறேன். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டையும் ஸ்பீக்கருக்காக இரண்டு ஓட்டை போட்டு வெட்டினேன். கழற்றிய எஞ்ஜின், கியர் லிங்கேஜ், சீட் எல்லாம் சேர்த்துப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டேன். எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி கோட்டூர்புரத்தில் நின்றது. அடையாற்றுத் தண்ணீர் கூரை வரை ஏறி இறங்கியது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் சீட் ஊறி இரண்டு மடங்காக உப்பியிருந்தது. கதவு பேனலைக் கழற்றினால் உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் களிமண், அதில் சின்னச் சின்ன நத்தை. டிப்ஸ்டிக்கை எடுத்தால் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில். நல்ல வேளை, செல்ஃப் அடிக்கவில்லை. பிளக்கை எல்லாம் கழற்றி, சம்ப்பை இறக்கி, டீசல் விட்டுக் கழுவி, மறுபடி ஆயில் விட்டு மறுபடி இறக்கி, நான்கு தடவை செய்த பிறகுதான் எஞ்ஜினைச் சுற்றவே விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முடிவு செய்தேன், எப்படியும் எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது, மாமா கொடுத்தபடியே கட்டிவிடலாம் என்று. 1089 எஞ்ஜின் சுலபமாகக் கிடைத்தது. ஸ்டியரிங் கியர் லிங்கேஜுக்குத்தான் ஒன்றரை வருடம் புதுப்பேட்டையில் அலைந்தேன். அங்கே ஒரு கடையில் கதவு மட்டும், அடுத்த கடையில் பம்பர் மட்டும், ஒரு சந்து முழுக்கக் கியர்பாக்ஸ் என்று இருக்கும், தெரியும்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நிற்பேன். கடைசியில் ஒரு பாய், "இது நீங்கள் தேடுவதுதானா பாருங்க சார்" என்று கோணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார், குறுக்குக் கம்பியும் சேர்த்து முழு செட். நான் எடைக்குப் போட்டது எத்தனை ரூபாய்க்கு என்று ஞாபகம் இல்லை, இதற்குக் கொடுத்தது 4,500.

தளத்தில் வெட்டிய ஓட்டையைத் தகடு வைத்து வெல்டு செய்தாகிவிட்டது. மேட்டைத் தூக்கினால் தழும்பு தெரியும்.

---

காசிமேடு_மடாடர் எழுதியது:

கார்க்காரர்கள் நடுவே ஒரு பிக்கப்காரனும் வரலாமா?

எங்கள் அப்பா 1987-இல் வாங்கிய டெம்போ மடாடர் பிக்கப். மீன், ஐஸ், விடியற்காலை மூன்று மணி, இதுதான் அதன் வாழ்க்கை. பலருக்குத் தெரியாத விஷயம், மடாடர் முன்சக்கர இழுவை வண்டி. பின்னால் ஷாஃப்ட் ஓடாததால் தளம் ரொம்பத் தாழ்வாக இருக்கும், ஐஸ் பெட்டியை இரண்டு பேர் இடுப்பளவு தூக்கினாலே போதும். அதற்காகவே எங்கள் பக்கம் நிறையப் பேர் அதை வாங்கினார்கள். ஆனால் பின்னால் முழு லோடு ஏற்றி ஈரமான சரிவில் ஏறினால் முன்சக்கரம் பிடி இல்லாமல் வெறுமனே சுற்றும். அப்போது கேபினுக்குள் எஞ்ஜின் மூடி மேலே என்னையும் தம்பியையும் உட்கார வைத்து ஏற்றுவார் அப்பா. டீசல் சூடு கால்சட்டையைத் தாண்டிச் சுடும்.

எஞ்ஜின் ஓ.எம். 616, மெர்சிடிஸ் வடிவமைப்பு, பஜாஜ் டெம்போ இங்கேயே செய்தது. அதற்கு அழிவே இல்லை. எங்கள் வண்டியில் அழிந்தது உடம்புதான். மீன் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தளத்தைத் தின்றுவிட்டது. மரப்பலகையை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு அடித்தோம், துருவே பிடிக்காது என்றார் டிங்கர் வேலை செய்தவர். இரண்டே வருடத்தில் தகட்டுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, அலுமினியமும் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிட்டது. இரும்பும் அலுமினியமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் பேட்டரி மாதிரி வேலை செய்யும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் சட்டத்தைப் புதிதாக வெல்டு செய்து, பழைய டியூப்பை நீளமாக வெட்டி இடையில் வைத்து, மேலே மறுபடி மரப்பலகையே போட்டோம். அது கடைசி வரை நின்றது.

நான் எடுத்து ஓட்டிய காலத்தில் பவர் ஸ்டியரிங் போட்டேன், கேபினுக்குள் எஞ்ஜின் மூடிக்கு அடியில் கனமான ஃபெல்ட் ஒட்டிச் சூட்டைக் குறைத்தேன், பெயின்ட் மட்டும் அப்பா வைத்த அதே பச்சை. 2013-இல் விற்றோம். லேலண்ட் தோஸ்த் ஒன்று வாங்கினேன், நல்ல வண்டி, குறை சொல்ல முடியாது. ஆனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எங்காவது அந்த எஞ்ஜின் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஹெரால்டு அண்ணனுக்கு என் யோசனை: தளத்தையும் சேஸிஸையும் முதலில் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பெரம்பூரில் மழைத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்திருந்தால் எஞ்ஜின் கேள்வியே இரண்டாம் பட்சம்.

---

புத்தகம்_எப்சி எழுதியது:

சட்ட விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்துகிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வி.ஏ. நம்பர் 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த நம்பர் வாங்கிவிட்டால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் அனுமதி. உங்கள் அப்பா ஓட்டத்தானே வண்டி என்கிறார், அப்படியென்றால் பழைய மூன்றெழுத்து நம்பரையே வைத்துக்கொண்டு எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். டெல்லியில் இருப்பது போல வயதுத் தடை இங்கே கிடையாது.

ஆம்னி எஞ்ஜின் விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, அதோடு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இரண்டும் சொல்வது ஒன்றுதான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்ஜின் மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் பதிவு, இரண்டும் வேண்டும். இல்லாமல் போட்டு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்டுப் போய் நிற்க முடியாது. 2006-க்குப் பிறகு புதுப்பித்தீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

---

மார்க்3_இசுசு எழுதியது:

எல்லோரும் மாற்றாதே மாற்றாதே என்கிறீர்கள். நான் மாற்றியவன், எனக்கு வருத்தம் இல்லை.

1977 அம்பாசடர் மார்க் 3. பழைய 1489 சி.சி. எஞ்ஜின் மூன்று தடவை ரீபோர் ஆகி ஓய்ந்துவிட்டது. 1996-இல் காண்டெஸா காரின் இசுசு 1.8 பெட்ரோல் எஞ்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் போட்டேன், ஆர்.சி.யில் பதிந்தும் வாங்கினேன். கம்பெனியே அம்பாசடரில் அந்த எஞ்ஜினை வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம், அதனால் மவுன்ட், ரேடியேட்டர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்ஜின் ஏற்றுவதற்கு முன்பே பிரேக்கைப் பார்த்தேன், பூஸ்டரும் முன்பக்க டிஸ்க்கும் போட்ட பிறகுதான் எஞ்ஜின் ஏறியது. இந்த வரிசையை யாரும் மாற்றாதீர்கள். அந்த வண்டியில் கன்னியாகுமரி நான்கு தடவை, சபரிமலை ஏழு தடவை. மாற்றாமல் வைத்திருந்தால் 1996-லேயே அது புதுப்பேட்டையில் துண்டு துண்டாகப் போயிருக்கும். 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது என் வண்டிக்கு 37 வயது, இன்றும் ஓடுகிறது.

ஆனால் ஹெரால்டுக்கு ஆம்னி எஞ்ஜின் வேறு கதை. நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரத்துக்கு ஓட்டம் போகும், அதனால் பொருந்தும், மெக்கானிக் சொன்னது சரிதான். பலர் போட்டார்கள். 1988-இல் ஸ்டாண்டர்டு கம்பெனி உற்பத்தியை நிறுத்திய பிறகு பாகம் கிடைக்காமல் வேறு வழியில்லாமல் போட்டது அது. இப்போது நிலைமை அப்படி இல்லை. இங்கிலாந்தில் இதன் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளுக்கு இன்னும் பாகம் விற்கிறார்கள், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், பிரேக் ரப்பர் எல்லாம் பார்சலில் வரும். சுங்க வரி கொஞ்சம் வலிக்கும். கையால் சுற்றினால் சுற்றுகிற எஞ்ஜினை எதற்கு இறக்குகிறீர்கள்?

ஒன்று மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி மென்மையாகிக் கசியும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் துருப்பிடிக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் போடுங்கள். அதோடு ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே நின்றுவிட்டது, ஹெட்டை இறக்கும் நாள் வந்தால் கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள்.

---

பெரம்பூர்_ஹெரால்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

காசிமேடு அண்ணன் சொன்னபடி சேஸிஸைத் தட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு அடி நீளத்துக்குப் போயிருக்கிறது, மற்றதெல்லாம் டங் டங் என்று நல்ல சத்தம். ஆர்.சி. 2008-உடன் முடிந்திருக்கிறது, அபராதம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எஞ்ஜினை இறக்கப் போவதில்லை. கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ரப்பருக்கும் ஆர்டர் போட்டாகிவிட்டது, ஹோஸ் மாற்றுகிறேன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். கழற்றும் டைனமோவைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைப்பேன், சோழவரம் சார், நீங்கள் செய்தது போலவே.

டிரனியன் விஷயத்தை அப்பாவிடம் கேட்டேன். "கிரீஸா? நான் என்றைக்குடா அதற்குக் கிரீஸ் அடித்தேன்" என்று கோபித்துக்கொண்டு, ஷெட் மூலையில் இருந்த பழைய போர்ன்விட்டா டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே ஒரு சின்ன ஆயில் கன், மூக்கு வளைந்தது, துணியில் சுற்றியிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பேப்பரில் அவர் கையெழுத்தில் "முன்சக்கரம் – 90 ஆயில் மட்டும்".

ஞாயிறு காலை டிங்கர் பார்ப்பவர் வருகிறார். பின் சீட் குஷனுக்குப் பழைய மாதிரி ரெக்ஸின், அடர் சிவப்பு, கோடு போட்டது, எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.